மோட்டார்ஹோம் சுவரில் படம் நிற்க

மோட்டார்ஹோமில், அதாவது வீடு போலத் தங்கும் வண்டியில், ஒட்டுக் கொக்கியில் மாட்டிய படம் விழுந்துகொண்டே இருக்கிறதா? அந்தக் கொக்கியை விட்டுவிடுங்கள். ஓட்டும்போதெல்லாம் படம் விழுவதற்குக் காரணம், அது ஊசலாடிப் பசையை நெம்புவதுதான். ஒன்றையொன்று கவ்வும் வெல்க்ரோ மாதிரிப் பட்டைகளை நான்கு மூலையிலும் ஒட்டி, சட்டம் அசையாமல் சுவரோடு பதியட்டும்.

முதலில் விழுந்த கொக்கியின் முதுகைப் பாருங்கள். பசை சுத்தமாக இருந்தால், சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம், அடுப்புப் பக்கம் நிச்சயம் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் பட்டையை 30 விநாடி அழுத்துங்கள். அப்புறம் ஒரு மணி நேரம் கழித்துப் படத்தை மாட்டுங்கள். பசையில் சுவர்த்தாள் உரிந்து வந்திருந்தால் எந்தப் பட்டையும் கனமான படத்தைத் தாங்காது; எடை குறைந்த படம்தான் சரி.

ஆணி மட்டும் வேண்டாம். பல வண்டிகளில் சுவர் மெல்லிய பிளைவுட், பின்னால் மின்கம்பி ஓடலாம். படச் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி அக்ரிலிக் தகடு போடுங்கள், கட்டிலுக்கு மேல் எதுவும் மாட்டாதீர்கள்.