பருவநிலை பற்றி எழுதிய ரோஜர் பீல்கி ஒரு செய்தித் தளத்திலிருந்து விலகியபோது ஏன் அவ்வளவு சண்டை?

2014 மார்ச்சில் அமெரிக்காவின் 'ஃபைவ்தர்ட்டிஎய்ட்' தளத்தில் கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோஜர் பீல்கி ஜூனியர் எழுதினார்: பேரிடர்ச் சேதம் கூடுவதற்குக் காரணம் பருவநிலை மாற்றம் அல்ல, செல்வம் பெருகியதுதான். எதிர்ப்பு கிளம்பியது. எம்ஐடி விஞ்ஞானி கெர்ரி இமானுவேலின் மறுப்பையும் அதே தளம் வெளியிட்டது. சில மாதங்களில் பீல்கி விலகினார். 'நல்லதாப் போச்சு' என்றனர் சிலர். 'வாயை அடைத்துவிட்டார்கள்' என்றனர் மற்றவர்கள்.

சண்டைக்குக் காரணம், பீல்கி பயன்படுத்திய 'சீராக்கிய இழப்பு' என்ற கணக்கு. அன்றைய வெள்ளமோ புயலோ இன்றைய வீடுகள், விலைவாசி, மக்கள்தொகை மேல் வந்திருந்தால் எவ்வளவு சேதம் என்று பார்ப்பது.

மதுரை செல்லூரில் கண்மாய் நிரம்பி, அன்றும் இன்றும் ஒரே முழங்கால் அளவுத் தண்ணீர் வீட்டுக்குள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று நனைந்தது பாயும் அரிசி மூட்டையும். இன்று பிரிட்ஜ், வாஷிங் மெஷின், வாசலில் நிற்கும் பைக். தண்ணீர் கூடவில்லை, நஷ்டம் பல மடங்கு. இதுவரை பீல்கி சொன்னது நியாயம்தான்.

ஆனால் ரூபாய்க் கணக்கை வைத்து மழை மாறவில்லை என்று முடிவு கட்ட முடியாது. பெரும் பேரிடர்கள் அரிதாகவே வருகின்றன. சில பத்தாண்டுக் கணக்கில் மெதுவான மாற்றம் தெரியாமலே போகலாம். வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். கனமழை கூடுவது அதனால்தான். விமர்சகர்களின் இந்த வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது.

பலர் நினைப்பதுபோல் பீல்கி புவி வெப்பமாதலை மறுத்தவர் அல்ல; அதில் மனிதர்களின் பங்கை ஏற்று, கார்பன் வரியை ஆதரித்தவர்.