76 வயது விரல்களுக்கு மெனிக்யூர்: பாதி வேலையை விட்டுவிடுங்கள்

கேள்வி: வீடுகளுக்குப் போய் பியூட்டிஷியன் வேலை செய்கிறேன். என் வாடிக்கையாளர் ஒருவரின் அப்பாவுக்கு சதாபிஷேகம் என்பதால், 76 வயதான அவருடைய அம்மாவுக்கு மெனிக்யூர் செய்தேன். க்யூட்டிகிளை (நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்) வெட்டும்போது லேசாகப் பட்டு ரத்தம் வந்துவிட்டது, பத்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. பயந்துபோனேன். அந்த அம்மாவின் நகங்கள் நுனியில் ஏடு ஏடாக உரிகின்றன, கைத்தோல் காகிதம் மாதிரி இருக்கிறது. இப்போது மறுபடி கூப்பிடுகிறார்கள். போகலாமா? தண்ணீரில் ஊறவைக்கலாமா? மகள் ஜெல் பாலிஷ் போடச் சொல்கிறார், போடலாமா? — ஒரு வாசகி, ஈரோடு.

தாராளமாகப் போங்கள். ஆனால் போன தடவை செய்த வேலைகளில் பாதியை விட்டுவிட்டுப் போங்கள். வயதானவர்களுக்கு மெனிக்யூர் என்றால் நாம் பயிற்சியில் படித்த அதே வரிசையை மெதுவாகச் செய்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்திருப்பதுதான் இதில் பெரிய வேலை.

பத்து நிமிடம் ரத்தம் நிற்கவில்லை என்றால் எனக்கு முதலில் மாத்திரை மேல்தான் சந்தேகம் வரும். “ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா அம்மா?” என்று கேட்டால் “அதெல்லாம் இல்லம்மா, பிரஷர் மாத்திரை மட்டும்தான்” என்பார்கள். பொய் சொல்வதில்லை, அவர்களுக்குத் தெரியாது. இதயத்துக்கென்று தினமும் போடுகிற ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெலோ அந்த மாத்திரை டப்பாவுக்குள்ளேயே இருக்கும். அதனால் மகளிடம் கேளுங்கள், மருந்துச் சீட்டையே காட்டச் சொன்னாலும் தப்பில்லை. அப்படியே சர்க்கரை உண்டா, டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (அறுவை செய்து ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) வைத்திருக்கிறதா, மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருக்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையை அழுத்தவே கூடாது. நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் ஒரு சின்னக் கீறல்கூட விழக்கூடாது, அழுத்தி மசாஜும் வேண்டாம். இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம், கேட்கிற பெண்ணிடம்தான் நம்பிக்கை வரும்.

ரத்தம் வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுத்தமான காஸ் துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல், முழுசாகப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் இன்னொரு பத்து நிமிடம், அதற்கும் நிற்காவிட்டால் டாக்டர். மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். படிகாரக் கல்லும் வேண்டாம், ஒரே கல்லைப் பல பேருக்குத் தேய்ப்பது ரத்தத்தையே பகிர்ந்து கொடுக்கிற மாதிரி.

இனி ஊறவைக்கும் விஷயம். என் பதில்: வேண்டாம். நகம் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்ததும் சுருங்கும், இப்படி உப்பிச் சுருங்கி உப்பிச் சுருங்கித்தான் நுனியில் அடுக்கு அடுக்காகப் பிரிகிறது. வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்த கைக்கு நாம் வேறு பதினைந்து நிமிடம் ஊறவைக்க வேண்டுமா? வெதுவெதுப்பான ஈரத் துண்டால் கையைத் துடைத்தாலே போதும். அந்த அம்மாவுக்குத் தண்ணீரில் கை வைத்து உட்காருவது பிடித்திருந்தால், ஆசைக்கு இரண்டு நிமிடம் வையுங்கள், ஆனால் சூடு எவ்வளவு என்று தண்ணீரை முதலில் உங்கள் மணிக்கட்டில் ஊற்றிப் பாருங்கள். சர்க்கரை பல வருடமாக இருப்பவர்களுக்கு விரலில் உணர்ச்சி மந்தமாக இருக்கலாம், சுட்டாலும் “நல்லாத்தான் இருக்கு” என்பார்கள். உப்பு, ஷாம்பு, எலுமிச்சை எதுவும் கலக்காதீர்கள்.

நகம் வெட்டுவதும் ஃபைல் செய்வதும் எல்லாவற்றுக்கும் முன்னால், நகம் காய்ந்திருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். ஈர நகம் ஃபைலில் கிழியும். நகவெட்டியால் ஒரே கடியாக வெட்டினால் நடுவில் விரிசல் விடும், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஃபைல் 240 கிரிட்டோ அதற்கு மேலோ (எண் கூடக் கூட சொரசொரப்பு குறையும்), அல்லது கண்ணாடி ஃபைல், ஒரே திசையில். மூலைகளை உருட்டி, விரல் நுனியைத் தாண்டி ஒரு நூல் அளவு மட்டும் விடுங்கள். இது அழகுக்கு மட்டுமில்லை, வயதானவர்களுக்குத் தோல் வறண்டு அரிக்கும், ராத்திரி தூக்கத்தில் சொறிவார்கள், கூர்மையான நகம் அந்தத் தோலைக் கிழித்துவிடும். நகத்தின் மேல் நீளவாக்கில் ஓடும் வரிகளைப் பஃபர் போட்டு மழமழவென்று ஆக்கத் தோன்றும், செய்யாதீர்கள். ஏற்கெனவே மெலிந்த நகத்தை இன்னும் மெலிதாக்குகிறீர்கள், அவ்வளவுதான். வரியை மறைக்க ரிட்ஜ் ஃபில்லர் பேஸ் கோட் ஒரு கோட்டிங் போதும்.

நாம் செய்கிற சேதம் எவ்வளவு நாள் நிற்கும் என்று தெரிய வேண்டுமானால் மருதாணியைப் பாருங்கள். தீபாவளிக்கு வைத்த மருதாணி நகத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது? விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், வயதானால் அதுவும் குறையும். பஃபரால் மெலிந்த இடம் வளர்ந்து வெளியேற அரை வருடத்துக்கு மேல் ஆகும்.

க்யூட்டிகிளை இனிமேல் வெட்டவே வெட்டாதீர்கள், இந்த அம்மாவுக்கு மட்டுமல்ல, யாருக்குமே. நகத்துக்கும் தோலுக்கும் நடுவில் கிருமி நுழையாமல் அடைத்துவைத்திருக்கும் ஒட்டு அது. சொட்டு எண்ணெய் விட்டு ஐந்து நிமிடம் கழித்து, பஞ்சு சுற்றிய குச்சியால் லேசாகத் தள்ளினால் போதும், வராததை விட்டுவிடுங்கள். தனியாகத் தொங்குகிற தோலை மட்டும் கத்தரிக்கலாம், இழுக்கக் கூடாது.

கையைப் பிடிக்கும் விதம்தான் பயிற்சியில் யாரும் சொல்லித்தராதது. ஆரம்ப காலத்தில் ஒரு பாட்டிக்கு க்ரீம் தடவும்போது என் மோதிரக் கல் பட்டு, புறங்கைத் தோல் ஈர வெங்காயத் தோல் மாதிரி ஒரு பக்கம் மடிந்து எழும்பிவிட்டது. அவர் “பரவாயில்லடா கண்ணு” என்றார், எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சுத்தமான தண்ணீரால் கழுவி, மடிந்த தோலை மெதுவாகப் பழைய இடத்திலேயே படுக்கவைத்து, ஒட்டாத காஸ் வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனோம். பேண்ட்-எய்டு ஒட்டியிருந்தால் பிய்க்கும்போது மீதித் தோலும் வந்திருக்கும். அப்போதிருந்து வேலைக்கு உட்காரும் முன் மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் பைக்குள் போய்விடும், என் நகமும் ஒட்ட வெட்டியிருக்கும். கையை மேலிருந்து கிள்ளிப் பிடிக்காமல் கீழிருந்து தாங்குங்கள். ஸ்க்ரப் வேண்டாம். க்ரீமை உங்கள் உள்ளங்கையில் சூடாக்கிக்கொண்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். மூட்டுவலியால் வளைந்த விரலை நிமிர்த்தாமல், சுருட்டிய துண்டை அடியில் வையுங்கள்.

ஜெல் வேண்டாம். கழற்ற அசிட்டோனில் ஊறவைக்க வேண்டும், சுரண்ட வேண்டும், மெலிந்த நகத்தில், ஜெல்லைக் காயவைக்கும் விளக்குக்கு அடியில் சுரீரென்று சுடும். மகளுக்குப் புரிகிற காரணம் ஒன்று இருக்கிறது: இந்த வயதில் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தால் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் மாட்டுவார்கள், பாலிஷை எடுக்கச் சொல்வார்கள், ஜெல்லை அந்த அவசரத்தில் யார் எடுப்பது? வெளிர் ரோஸில் சாதாரண பாலிஷ் போடுங்கள். அசிட்டோன் இல்லாத ரிமூவரும் கொஞ்சம் உலர்த்தத்தான் செய்யும், எடுத்ததும் கை கழுவி எண்ணெய் தடவச் சொல்லுங்கள்.

கருவிகளை சோப்பும் பிரஷும் போட்டுக் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் பத்து நிமிடம் மூழ்கவையுங்கள். நீல விளக்குப் பெட்டியில் வைத்தால் சுத்தமாகிவிடும் என்று நம்பாதீர்கள், ரத்தம் பட்ட நிப்பரில் (தோல் வெட்டும் சின்னக் கருவி) ஹெபடைடிஸ் பி வைரஸ் பல நாள் உயிரோடு இருக்கும். குச்சியும் அட்டை ஃபைலும் அவருக்கே தனி.

அப்புறம், செவ்வாய் வெள்ளியில் நகம் வெட்ட ஒப்புக்கொள்ள மாட்டார்கள், விளக்கு வைத்த பிறகும் மாட்டார்கள். வாதாடாமல் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் போங்கள், ஜன்னல் வெளிச்சத்தில் உங்களுக்கும் நன்றாகத் தெரியும். வேலை குறைகிறதே என்று காசைக் குறைக்காதீர்கள், கவனத்துக்குத்தான் காசு.

உட்கார்ந்ததும் பழைய பாலிஷை எடுத்துவிட்டுப் பத்து நகத்தையும் பாருங்கள். ஒரு நகத்தில் மட்டும் புதிதாகக் கறுப்புக் கோடு, பச்சை நிறம், மஞ்சளாகத் தடித்து உதிர்வது, இதில் எது இருந்தாலும் இன்ன நோய் என்று நீங்களே பெயர் வைக்காமல் தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். போன தடவை வெட்டுப்பட்ட விரலை முதலில் பாருங்கள். அது சிவந்து வீங்கி, நகச்சுத்தி என்று சொல்லி எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அன்றைக்குப் பையைத் திறக்காதீர்கள். நடந்ததை மகளிடம் மறைக்காமல் சொல்லி, டாக்டரிடம் இன்றைக்கே போகச் சொல்லிவிட்டு, காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.