தூணடியிலிருந்து ஒரு "ம்ஹும்"

ஐயா, வணக்கம்.

நான் தெஹிவளையில் இருக்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது. இங்கிலிஷ் மீடியத்தில் படிக்கிறாள். போன வெள்ளிக்கிழமை கோயிலில் பஞ்சபுராணம் (ஐந்து சைவ நூல்களிலிருந்து ஒவ்வொரு பாட்டு) ஓத அவளை விட்டார்கள். ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் ஓதினாள். திருவாசகத்துக்குச் சிவபுராணத்தின் முதல் அடிகள். "நாதன் தாள் வாழ்க" என்பதை "தால் வால்க" என்று சொல்லிவிட்டாள். மைக்கை அணைக்க முதலே ஒரு பெரியவர், "இப்பிடிப் பிழையாய் ஓதுறதிலும் பார்க்க ஓதாமலே இருக்கலாம்" என்று ஏசினார். பிள்ளை வீடு வரும்வரை அழுதாள். இனி ஓத மாட்டாளாம். பிழையாக ஓதினால் பாவமா? பொருள் தெரியாமல் ஓதிப் பயன் உண்டா? போனைப் பார்த்து ஓதலாமா? பக்திதானே முக்கியம், அந்தப் பெரியவர் பேசாமல் இருந்திருக்கலாமே?

— ஒரு தாய்

அன்புள்ள தங்கச்சி,

முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள்: "திருச்சிற்றம்பலம்" என்று தொடங்கி, தேவாரத்திலிருந்து பெரியபுராணம் வரை ஐந்தும் ஓதி, அத்தனை பேர் முன்னால் நின்று முடிப்பது லேசான காரியம் இல்லை. என் பேரப்பிள்ளைகள் மூன்று பேரில் ஒருவரையும் என்னால் அந்த இடத்துக்குக் கூட்டிப்போக முடியவில்லை. அழுதது போதும், இனி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

பாவம் இல்லை. போனைப் பார்த்து ஓதலாம். ஏட்டைப் பார்த்து ஓதியவர்களின் பேரப்பிள்ளைகள் அச்சுப் புத்தகத்தைப் பார்த்து ஓதினார்கள், ஒன்றும் இடிந்து விழவில்லை. பொருள் விஷயத்தை மாணிக்கவாசகரே சிவபுராணத்தின் முடிவில் "சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்" என்று சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் அது ஒன்பது வயதில் முடிகிற வேலை இல்லை. எனக்கு எழுபது நெருங்குகிறது, இன்னும் முடியவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெரியவர் பேசாமல் இருந்திருக்கலாமே என்கிறீர்கள். இல்லை, தங்கச்சி. பேசாமல் இருந்து இருந்துதான் நாம் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம்.

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் கந்தபுராணப் படிப்பு நடக்கும். நான் சொல்வது யாழ்ப்பாணத்துச் சின்னக் கிராமம் ஒன்றை. ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன், அதாவது பொருள், சொல்வார். 10,345 பாட்டும் ஒரு மூச்சில் ஆகுமா? மாதக்கணக்கில் போகும். படிப்பவர் பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளை வேட்டி, சால்வை, கணீரென்ற குரல். என் அம்மப்பா மேற்குத் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். புகையிலைத் தோட்டக்காரர். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் எழுத்து வராது. ஆனால் சின்ன வயதிலிருந்து வருசா வருசம் அந்தத் தூணடியில் இருந்து கேட்டவர். வாத்தியார் எங்காவது ஒரு சீரை விழுங்கினாலோ ஒரு எழுத்தை மாற்றினாலோ தூணடியிலிருந்து "ம்ஹும்" என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். கண்கூடத் திறக்காது. வாத்தியார் நிறுத்தி, அந்த அடியைத் திரும்பவும் படிப்பார். முகம் சுழித்ததை நான் பார்த்ததில்லை. ஒருநாள் அம்மப்பா காய்ச்சலில் வரவில்லை. வாத்தியார் படித்து முடித்துவிட்டு, "இண்டைக்கு எத்தினை பிழை விட்டேனோ, ஆருக்குத் தெரியும்" என்றார்.

கந்தபுராணத்துக்கே இது புதிது இல்லை. "திகட சக்கரச் செம்முகம் ஐந்துளான்" என்ற முதல் அடி, முருகனே அதைப் பாடிய கச்சியப்பருக்கு எடுத்துக் கொடுத்தது என்பது வழிவழியாக வரும் கதை. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் அரங்கேற்றம். முதல் சொல்லிலேயே சபையில் ஒருவர் எழுந்து தடுக்கிறார்: திகழ், தசக்கரம் என்ற இரண்டும் சேர்ந்து எப்படித் "திகடசக்கரம்" ஆகும், இதற்கு இலக்கணம் எங்கே? சாமி கொடுத்த அடி என்று ஒருவரும் அவர் வாயை மூடவில்லை. அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழ நாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதியைக் காட்டிய பிறகுதான் நடந்தது. வந்தவரும் முருகன்தான் என்பார்கள். (வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் செய்த இலக்கணம். முருகனின் அடியைக் காப்பாற்ற ஒரு பௌத்தரின் நூல் வேண்டியிருந்தது. கொழும்பில் இருந்துகொண்டு இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.)

இப்போது நம் கோயில்களைப் பாருங்கள். ஓதுகிற பிள்ளையின் வாயில் மைக்கை வைத்துவிடுகிறோம். காலி வீதி பஸ் சத்தத்தை வெல்ல வேண்டுமாம். அதற்கு மேல் எக்கோ வேறு. எக்கோ போட்ட பிறகு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான், பாவம் பிள்ளையில் என்ன பிழை? சனம் கும்பிட்டபடி பூசைத் தட்டைப் பார்க்கிறது, ஒருவரும் கேட்பதில்லை. கேட்கிற ஒரு கிழவன் இருந்தாலும் அவனுடைய "ம்ஹும்" அந்த ஸ்பீக்கரைத் தாண்டிப் போகாது. அதனால் அவன் கத்துகிறான். அல்லது, உங்கள் பெரியவரைப் போல, பிள்ளை முடிக்கும்வரை இருந்துவிட்டுத் திறந்திருக்கிற மைக்குக்குள் ஏசுகிறான். திருத்தியது சரி, ஏசியது தவறு. அதிலும் அந்தக் கடைசி வசனம், "ஓதாமலே இருக்கலாம்" என்பது, பெரிய மனுசர் வாயில் வரக் கூடாத பேச்சு. கொழும்பு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் கூட்டம் இல்லாத காலையில் போய் மெல்லிய குரலில் ஒரு தேவாரம் பாடிப் பாருங்கள். சேர் பொன். இராமநாதன் கட்டுவித்த அந்தக் கருங்கல் மண்டபத்துக்கு மைக்கே வேண்டாம்.

சரி, உங்களுக்கும் ஏச்சு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழை இல்லை. எல்லா ளகரமும் ழகரமும் அதனதன் இடத்தில். இவ்வளவு தமிழ் தெரிந்த தாய், பிள்ளை கையில் ஆங்கில எழுத்தை ஏன் போகவிட்டீர்கள்? அந்த "எல்"லில் ல எது, ள எது என்று பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? அவள் பிழை விடவில்லை, தாளில் இருந்ததை வாசித்தாள். (தால் என்றால் நாக்கு. நாதனின் நாக்கை வாழ்த்தியிருக்கிறாள், அவர் கோபிக்க மாட்டார்.) நேரம் இல்லை என்பீர்கள். எனக்குத் தெரியும், வேலை, டியூஷன், அந்த டிராஃபிக். இரவில் கால் மணித்தியாலம் போதும். பக்தி முக்கியம் என்று எழுதியிருக்கிறீர்களே, பக்கத்தில் இருந்து கேட்பதும் அதற்குள்தான் வரும்.

சிவபுராணத்தின் முதல் ஐந்து அடியைத் தமிழில் பெரிய எழுத்தாக எழுதுங்கள். அதில் நாலு "தாள்", ஆறு "வாழ்க". அவள் சொல்லட்டும். பிழைத்தால் "ம்ஹும்" மட்டும், வேறு ஒன்றும் பேசாதீர்கள். நாலும் ஆறும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன். மைக்கை நிறுத்தச் சொல்லிக் கேட்கிறேன், அந்தப் பெரியவரையும் தூணடியில் என் பக்கத்தில் இருத்துகிறேன்.