கச்சான் காற்றுக்கு ஏசி பூட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சீனி வருத்தம், பிரஷர் இரண்டுக்கும் கிளினிக்கில் மருந்து எடுக்கிறா. காலையில் நீர் போகிற குளிசையும் ஒன்று உண்டு. மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் சீட் கூரை போட்ட வீடு, பகலில் உள்ளே இருக்க ஏலாது. கரண்ட் பில் கூடும் என்று அம்மா இரவில் ஃபேனையும் நிறுத்திவிடுகிறா. இரண்டு கிழமையாக எழும்பும்போது தலைச்சுற்று. தவணைக்கு ஏசி வாங்கிப் பூட்டலாமா டொக்டர்?

பதில்: தம்பி, ஏசியைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தத் தலைச்சுற்றைக் கவனியுங்கள். வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. நீர்க் குளிசையும் அதையே வெளியேற்றுகிறது. சீனி கூடினால் சிறுநீரும் கூடும். மூன்றும் சேர்ந்தால் எழும்பி நிற்கும்போது பிரஷர் சட்டென்று இறங்கும். வயது போனவர்கள் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது பல நேரம் இப்படித்தான். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தக் கிழமையே கூட்டிப்போய், படுத்தபடி ஒருமுறை, நின்றபடி ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

வயதானவர்களுக்குத் தாகம் மந்தமாகிவிடும். ‘தாகமில்லை’ என்று அம்மா சொல்வதை நம்பியிருக்காமல் மணிக்கொருதரம் அரைக் கோப்பை தண்ணீர் கொடுங்கள். இதய வருத்தமோ சிறுநீரக வருத்தமோ இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். உப்புப் போடாத மோர் நல்லது. வயிற்றோட்டம் இல்லாதபோது ஜீவனி கரைத்துக் கொடுக்க வேண்டாம். அதில் உப்பும் குளுக்கோசும் இருக்கின்றன. சோடாவும் இனிப்புப் போட்ட தோடம்பழச் சாறும் அம்மாவுக்குக் கூடவே கூடாது.

இனி வெக்கை. நம் பக்கத்து வெக்கை இரண்டு வகை. ஜூன், ஜூலையில் மேற்கேயிருந்து வரும் கச்சான், மலைநாட்டில் ஈரத்தைக் கொட்டிவிட்டு இறங்கி வருவதால் சூடாகவும் வறண்டும் வீசும். கடற்காற்றையே அது தள்ளிவிடும் நாட்களில் மட்டக்களப்பில் 38 பாகை வரை ஏறும். கச்சான் விழுந்து கடற்காற்று வந்தாலோ சூடு குறையும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சரிவராது. கச்சான் வீசும்போது மேற்குப் பக்க ஜன்னலைப் பகலில் மூடி, வெளியே நிழலுக்கு ஏதாவது கட்டுங்கள்; உள்ளே நனைத்த சாக்கோ சேலையோ தொங்கவிடலாம். வறண்ட காற்றில் ஈரம் வேகமாகக் காய்ந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். பிசுபிசுப்பான நாளில் அதே சாக்கு புழுக்கத்தைத்தான் கூட்டும். அன்று எல்லா ஜன்னலையும் திறந்து ஃபேனைப் போடுங்கள்.

ஃபேன் வீட்டைக் குளிராக்குவதில்லை, தோலில் உள்ள ஈரத்தைக் காயவைத்து உடம்பைத்தான் குளிராக்குகிறது. அதனால் நனைத்துப் பிழிந்த துணியால் அம்மாவின் கை, கால், கழுத்தை அடிக்கடி துடைத்துவிட்டு ஃபேனுக்கு எதிரே இருத்துங்கள். 35 பாகைக்கு மேல் காய்ந்த தோலில் வெறும் ஃபேன் சுடுகாற்றைத்தான் அடிக்கும். 40 பாகையைத் தாண்டினால் ஃபேனே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பில் கணக்கை அம்மாவிடம் காட்டுங்கள். 75 வாட் ஃபேன் ஒன்று இரவில் 8 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 18 யூனிட். ஒரு தொன் ஏசி அதே நேரம் ஓடினால் அதைப்போல் பல மடங்கு வரும். மாதம் 60 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு முதல் யூனிட்டிலிருந்தே விலை கூட என்பது உங்களுக்கும் தெரியும். தவணைக் காசில் ஒரு பங்கைக் கூரைக்குச் செலவழிப்பதே என் விருப்பம். சீட்டின் வெளிப்பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள், உள்ளே ஒரு சீலிங் போடுங்கள். வெயில் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள் இறங்குவது அந்தக் கூரை வழியாகத்தான். அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் பாசியைக் காயக் காயச் சுரண்டவோ துளை போடவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. அப்படியும் ஏசி பூட்டினால் 27இல் வைத்துக் கூடவே ஃபேனையும் போடுங்கள்.

மத்தியானச் சமையலைக் காலை ஒன்பது மணிக்குள் முடிக்கப் பாருங்கள். குசினிச் சூட்டில் நிற்கிற தாய்மாரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இரவில் விறாந்தையில் படுத்தால் நுளம்பு வலை கட்டாயம். வெக்கைக்குத் தப்பி நுளம்பிடம் மாட்டக்கூடாது.

அம்மா தட்டுத்தடுமாறிப் பேசினால், ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. பனடோல் அதற்கு உதவாது. உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் வாயில் எதுவும் பருக்க வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும்போது குளிசைப் பைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். அம்மா ஃபேன் இல்லாமல் படுக்கிறா என்பதையும் அங்கே சொல்லுங்கள், அவ சொல்லமாட்டா.