டம்ளரை எடுக்கப் போனால் கை வெட்டி இழுக்கிறது, இது வலிப்பா?

கேள்வி: நாங்கள் காசிமேடு. நாலு மாதத்துக்கு முன் என் கணவர் படகிலிருந்து தவறி விழுந்தார். பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவரை நெஞ்சை அழுத்திப் பிழைக்கவைத்தார்கள். இப்போது நினைவும் பேச்சும் தெளிவு. ஆனால் டம்ளரை எடுக்கப் போனால் கை வெட்டி இழுக்கிறது. நடந்தால் முழங்கால் மடங்குகிறது. படுத்திருந்தால் ஒன்றுமில்லை. காக்காய் வலிப்பு என்கிறார்கள். குணமாகுமா?

பதில்: ‘படுத்திருந்தால் ஒன்றுமில்லை’ என்று எழுதினீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. சும்மா இருந்தால் அடங்கி, ஒரு காரியத்தில் இறங்கியதும் கிளம்புகிற இந்த வெட்டு, 1963-ல் லான்ஸ், ஆடம்ஸ் என்ற மருத்துவர்கள் விவரித்த கோளாறாக இருக்கலாம். மூளை பிராணவாயு கிடைக்காமல் தவித்த பிறகு, நாட்களிலோ வாரங்களிலோ தலைகாட்டும். நினைவு தப்பிக் கீழே விழும் வலிப்பு வேறு. ஆனால் சிலருக்கு அதுவும் சேர்ந்தே வரும் என்பதால் ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்துப் பார்ப்பது நல்லது.

கை இழுப்பதும் கால் மடங்குவதும் ஒன்றல்ல. கையில் தசை திடீரென்று சுருங்குகிறது. காலில் ஒரு கணம் பிடிப்பே விட்டுப்போகிறது. காலில் வரும் இது மருந்துக்குச் சட்டென்று மசியாது. அதனால் நடக்கும்போது ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும்.

குளோனஸெபாம், வால்ப்ரோயேட், லெவெடிரசெட்டாம் ஆகியவற்றைத் தனியாகவோ சேர்த்தோ கொடுப்பார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் இதற்குப் பெரும்பாலும் உதவாது. டிஸ்சார்ஜ் சீட்டையும், வெட்டு வரும்போது போனில் எடுத்த வீடியோவையும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். வாயால் விவரிப்பதைவிட வீடியோ நிறையச் சொல்லும். தூக்கம் தூக்கமாக வருகிறது என்று மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

டம்ளருக்குப் பதில் மூடிபோட்ட பாட்டிலில் ஸ்ட்ரா வைத்துக் கொடுங்கள், முழங்கையை மேசையில் ஊன்றச் சொல்லுங்கள். பின்னாலிருந்து திடீரென்று கூப்பிட வேண்டாம். குக்கர் விசில்கூடச் சிலருக்குத் தூக்கிப்போடும். அப்புறம் ஒன்று: சரக்கு போட்டால் அடங்குகிறது என்று யாராவது சொல்வார்கள். கொஞ்ச நேரம் அடங்குவது உண்மைதான். போதை தெளிந்ததும் முன்னைவிட மோசமாகும். குளோனஸெபாமோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும்.

குணம்? பலருக்கு மாதங்களில், வருடங்களில் குறைகிறது. சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். இப்போதைக்குக் கடலுக்கு அனுப்பவே கூடாது. வெட்டு விடாமல் தொடர்ந்தாலோ, கூப்பிட்டால் பதில் இல்லையென்றாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.