தொழில்முறை எம்எம்ஏ வீரர் ஊக்கமருந்து விதியில் சிக்காமல் இருக்க, கூட இருப்பவர்கள் எப்படி உதவலாம்?

உங்கள் தம்பி அமெரிக்காவில் எம்எம்ஏ (பல தற்காப்புக் கலைகள் கலந்த சண்டை விளையாட்டு) பயிற்சி எடுக்கிறார், விரைவில் தொழில்முறை ஒப்பந்தம் கையெழுத்தாகலாம், ஊக்கமருந்துச் சோதனை பற்றி வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது, அக்காவாக நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கலிஃபோர்னியாவில் மருந்தாளுநராக இருக்கிறேன். பக்கத்து ஊரில் உள்ள ஒரு பயிற்சிக்கூடத்து வீரர்கள் சாப்பிடும் மாத்திரை, பொடி, டானிக் எல்லாவற்றையும் தடைப்பட்டியலோடு ஒத்துப் பார்த்துச் சொல்வது என் வழக்கம். அதை வைத்து எழுதுகிறேன்.

தெரிந்தே ஊசி போட்டுக்கொள்பவர்களும் உண்டு. எம்எம்ஏ வீரர் டி. ஜே. டில்லஷா 2019-இல், ரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் இபிஓ எடுத்ததை ஒப்புக்கொண்டார், இரண்டு ஆண்டுத் தடை கிடைத்தது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எதிரே நிற்பவர் அடி வாங்கும் விளையாட்டு இது. இங்கே மருந்து எடுத்துக்கொண்டு இறங்குவது ஓட்டப்பந்தயத்தில் ஏமாற்றுவதைவிட மோசம். என் கவலை மற்றவர்களைப் பற்றியது. எதை விழுங்குகிறோம் என்று விசாரிக்காமல் விழுங்கி, ஆறு மாதமோ ஒரு வருடமோ சம்பாத்தியம் இல்லாமல் உட்கார்ந்தவர்கள். உங்கள் தம்பிக்கு உண்மையான ஆபத்து இந்தப் பக்கம்தான்.

அடிப்படை விதியை அவர் மனதில் பதிய வையுங்கள்: உடம்பில் கண்டுபிடிக்கப்பட்டது எதுவானாலும் பொறுப்பு வீரருடையது. எப்படி உள்ளே போனது, யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் தண்டனை எவ்வளவு என்று முடிவு செய்யும்போதுதான் பேசப்படும். 2016 ஜூலையில் ஜான் ஜோன்ஸ், பெரிய எம்எம்ஏ நிறுவனமான யுஎஃப்சி நடத்திய யுஎஃப்சி 200-இல் டேனியல் கோர்மியருடன் மோத மூன்று நாள் இருந்தபோது நீக்கப்பட்டார். உடன் பயிற்சி செய்தவர் கொடுத்த, ஆண்மைக்கான ஒரு மாத்திரைதான் காரணம் என்று சொன்னார். அந்த மாத்திரையைச் சோதித்தபோது ஹார்மோனை மாற்றும் தடைமருந்துகளான குளோமிஃபீனும் லெட்ரோசோலும் அதில் கலந்திருந்தது தெரிந்தது. அவர் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை என்று வழக்கை விசாரித்த நடுவர் குழுவே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ஓராண்டுத் தடை. அவருக்கு ஏறத்தாழ 90 லட்சம் டாலர் இழப்பு என்றும் அதே குழு எழுதியது. ஜோன்ஸ் அதைத் தாங்குவார், முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் பையன் தாங்க முடியுமா?

அதிகமான சிக்கல் வருவது சப்ளிமென்ட்டில். அமெரிக்காவில் இவை விற்பனைக்கு வருமுன் யாரும் அனுமதி கொடுக்க வேண்டியதில்லை. ஒரே இயந்திரத்தில் காலையில் ஆஸ்டரின் (தசை வளர்க்கும் தடைமருந்து) கலந்த பொடியும் மாலையில் சாதாரண வைட்டமினும் தயாரித்தால், முந்தையது கொஞ்சம் பிந்தையதில் ஒட்டிக்கொள்ளும். இன்றைய ஆய்வகங்கள் பிகோகிராம் வரை கண்டுபிடிக்கின்றன. ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அது. டிம் மீன்ஸ், யோவெல் ரொமேரோ இருவரும் 2016-இல் இப்படித்தான் ஆறு மாதத் தடை வாங்கினார்கள். 2019-இல் நேட் டியாஸின் சோதனையில் ஆஸ்டரின் போன்ற இன்னொரு தடைமருந்தான எல்ஜிடி-4033 மிகச் சிறிய அளவு தெரிந்தது. வந்த வழி, தாவரங்களிலிருந்து தயாரித்த ஆர்கானிக் மல்ட்டிவைட்டமின். அவர்மேல் குற்றமில்லை என்று முடிவானது, நியூயார்க் சண்டையும் நடந்தது. அதே 2019 நவம்பரில் யுஎஃப்சி சில பொருள்களுக்கு மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராம் என்று ஒரு வரம்பு கொண்டுவந்தது. குத்துச்சண்டை ஆணையங்களிடம் அந்த வரம்பை எதிர்பார்க்காதீர்கள். ராயன் கார்சியா 2024 ஏப்ரலில் டெவின் ஹேனியை வென்ற பிறகு, அவர் சோதனையில் ஆஸ்டரின் இருந்த செய்தி வந்தது. மாசுபட்ட சப்ளிமென்ட் என்று அவர் தரப்பு வாதாடியும், ஓராண்டுத் தடை, வெற்றி ரத்து, 11 லட்சம் டாலர் ஊதியமும் போனது.

ஆகவே, சப்ளிமென்ட் வேண்டவே வேண்டாம் என்றால் நல்லது. ஆனால் தினம் இரண்டு முறை பயிற்சி எடுப்பவரிடம் அதைச் சொன்னால் நமக்குத் தெரியாமல் வாங்குவார், அவ்வளவுதான். வாங்கட்டும். டப்பாவில் 'என்எஸ்எஃப் சர்ட்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்' அல்லது 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' முத்திரை இருக்க வேண்டும். முத்திரையைப் பார்த்தால் மட்டும் போதாது. பேட்ச் எண்ணை அந்த அமைப்பின் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே பேட்ச்சில் இரண்டு டப்பா வாங்கி ஒன்றைப் பிரிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். நாளைக்குப் பிரச்சினை வந்தால் ஆய்வகம் திறந்த டப்பாவை மட்டும் நம்பாது, சீல் பிரிக்காததையும் கேட்கும். பில், டப்பாவின் படம், சாப்பிட ஆரம்பித்த தேதி எல்லாம் ஒரு இடத்தில் இருக்கட்டும். சோதனைக்கு வருபவர் என்னென்ன சாப்பிட்டாய் என்று படிவத்தில் கேட்பார். விட்டுப்போகாமல் எழுதினால் பின்னால் அதுவே சாட்சி.

இனி நம் வீடுகளில் இருந்து போகும் பார்சல் பற்றிச் சொல்ல வேண்டும். இருமலுக்கு ஊரில் கொடுக்கும் சிரப் பலவற்றில் டெர்புட்டலைன் இருக்கிறது. சண்டை நாளில் மட்டுமல்ல, வருடம் முழுக்கத் தடை உள்ள பொருள் அது. சில சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னைன் உண்டு. போட்டிக் காலத்தில், அதாவது சண்டையை ஒட்டிய நேரத்தில், அதுவும் தடை. அஸ்வகந்தா பட்டியலில் இல்லை, ஆனால் யார் அரைத்து எந்த டப்பாவில் அடைத்தார்கள் என்பதே கேள்வி. அமெரிக்க மருந்துகளைச் சரிபார்க்க குளோபல் டிஆர்ஓ தளம் இருக்கிறது. அதில் இந்திய பிராண்டுகள் கிடையாது. அதற்கு இந்திய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியைப் பாருங்கள். அம்மா அன்போடு அனுப்பும் லேகியத்தை நிறுத்துவது கஷ்டம் என்று தெரியும். நீங்கள்தான் பேச வேண்டும், வெளி ஆள் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். குடும்ப டாக்டருக்குத் தடைப்பட்டியல் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) விதிப்படி 2022 முதல், வலி வீக்கத்துக்குப் போடும் குளுக்கோகார்ட்டிகாய்டு ஸ்டீராய்டு ஊசியை உடம்பில் எங்கே போட்டாலும் போட்டிக் காலத்தில் கூடாது. முட்டி வலிக்கு மூட்டுக்குள் போடும் டிரையாம்சினலோனுக்கு 10 நாள் இடைவெளி போதும், தசையில் போட்டால் 60 நாள். டிராமடோல் வலி மாத்திரையும் 2024 முதல் போட்டிக் காலத்தில் தடை. நோய்க்கு உண்மையாகவே தடைசெய்த மருந்து வேண்டுமென்றால் மருத்துவ விலக்கு வாங்கலாம். சாப்பிடும் முன்பே வாங்குவது முறை. யுஎஃப்சி வீராங்கனை கிரிஸ் சைபோர்க் 2016 டிசம்பரில் ஸ்பைரனோலாக்டோன் என்ற நீரிறக்கி மருந்தில் மாட்டி, 2017-இல் பின்தேதி விலக்கு பெற்று வெளியே வந்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது.

எடை இறக்கும் வாரத்தில் தனியாக விடாதீர்கள். நீர் வற்றி, தலை சுற்றி, யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும் நிலையில் இருப்பார். நீரிறக்கி மாத்திரை கூடவே கூடாது. டிரிப்ஸ் ஏற்றுவதற்கும் கட்டுப்பாடு உண்டு: வாடா கணக்கில், மருத்துவமனைச் சிகிச்சை தவிர, 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் கூடாது. சண்டை எதுவும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஏற்றிய டிரிப்ஸைத் தானே சொல்லி, பி. ஜே. பென் 2016-இல் ஆறு மாதம் வெளியே இருந்தார். யுஎஃப்சி, மாநில ஆணையம், வாடா மூன்றின் விதிகளும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஒப்பந்தத்தில் எந்த விதி என்று இருக்கிறதோ அதைப் படிக்க வேண்டும்.

இருப்பிடத் தகவலும் அப்படித்தான். சோதனைக்குச் சொல்லாமல் வருபவர் கண்டுபிடிக்க, எங்கே தூங்குகிறார், எங்கே பயிற்சி என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை அதில் தவறினால் எந்த மருந்தும் இல்லாமலே தடை. நிக் டியாஸுக்கு அப்படி ஓராண்டு போனது. தம்பி பயணத் திட்டத்தை மாற்றும் போதெல்லாம் 'அப்டேட் பண்ணியாச்சா?' என்று ஒரு செய்தி அனுப்புங்கள். எரிச்சல்படுவார், பரவாயில்லை.

ஒலிம்பிக் வீரருக்குச் சம்மேளனம், அணி டாக்டர் என்று யாராவது இருப்பார்கள். சண்டை வீரர் ஒப்பந்தக்காரர், அவருக்கு அவரேதான். வாயில் போடும் முன் கேட்க ஒரு ஆள் வேண்டும், ஒரே ஆள். நான்கு பேரிடம் கேட்டால் சாதகமான பதிலைத்தான் எடுத்துக்கொள்வார். அது நீங்களாக இருக்கலாம், தெரியாததை என்னைப் போன்ற ஒருவரிடம் கேட்டுச் சொல்லலாம்.

அப்புறம், எவ்வளவு கவனமாக இருந்தும் ஒருநாள் சோதனையில் சிக்கியதாகக் கடிதம் வந்துவிட்டால், இன்ஸ்டாகிராமில் எதுவும் எழுத விடாதீர்கள். வீட்டிலுள்ள ஒரு டப்பாவைக்கூடத் தூக்கிப்போட வேண்டாம். பி மாதிரியை (மறுசோதனைக்காக எடுத்துவைத்த இரண்டாவது மாதிரி) சோதிக்கக் கேட்கும் கெடுவைக் கடிதத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு, இந்த மாதிரி வழக்கு நடத்திய வழக்கறிஞரை அன்றே கூப்பிடுங்கள்.