கிரவல் குழிக்குள் என்ன படிப்பு இருக்கிறது?

ஐயா,

"பெக்கோவை விட்டுக் குழி மூடுவதற்கும் ஒரு பட்டமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். தோண்டிக் கெட்ட நிலத்தைத் திருத்தும் துறையைப் படிக்கப்போகிறேன் என்று, உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிய உங்கள் மகள் ஒன்றும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

குழியை மூடுவது சில நாள் வேலை; அங்கே மீண்டும் செடி வளரவைப்பதுதான் பாடு. பதுளை வீதிப் பக்கம் கிரவல் எடுத்துக் கைவிட்ட குழியொன்றின் தரையை மண்வெட்டியால் கொத்திப் பாருங்கள். 'டங்' என்று தெறிக்கும். டிப்பர்கள் ஓடி ஓடி இறுகிய தரை. அதில் மழைநீரும் இறங்காது, வேரும் இறங்காது. விதையும் நுண்ணுயிரும் குடியிருந்த ஒரு சாண் மேல்மண், தோண்டத் தொடங்கிய அன்றே போயிருக்கும். முறைப்படி அதை முதலில் வழித்து, தனியே தாழ்வான குவியலாக வைக்க வேண்டும். உயரக் குவித்து நெடுநாள் விட்டால் உள்ளே காற்றில்லாமல் மண் செத்துவிடும். பிறகு தரையைக் கிழித்து, சரிவைத் தணித்து, நீர் வடிய வழிவிட்டு, அந்த மேல்மண்ணைப் பரப்பி, சீமைக்கிளுவை போல நைதரசன் சேர்க்கும் மரங்களை முதலில் நட வேண்டும். இதற்குத்தான் படித்தவர் வேண்டும்.

அமெரிக்கா, மேற்பரப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் தோண்டிய நிலத்தைத் திருத்த வேண்டும் என்று 1977இலேயே தனிச் சட்டம் போட்டது. நம் நாட்டில் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் 1992இல் வந்தது.

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் புவிவள எந்திரவியல் கணிதப் பிரிவுக்காரருக்கு உரியது, அதை மறந்துவிடுங்கள். இசட் புள்ளி இடம்கொடுத்தால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அங்கே மண் விஞ்ஞானத்தைக் கெட்டியாகப் பிடிக்கட்டும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும் பழகட்டும்; நம் பிள்ளைகள் வழுக்குவது அங்கேதான்.

'நிலம் திருத்துநர் தேவை' என்று விளம்பரம் வராது. சுற்றாடல் உத்தியோகத்தர், ஆய்வு உதவியாளர் என்ற பெயர்களில்தான் தேட வேண்டும். அரச வேலை மட்டுமே வேண்டுமென்றால் காத்திருப்பு நீளும் என்பதையும் மறைக்க மாட்டேன்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். குழி மண்ணில் ஒரு பை, பக்கத்துத் தோட்ட மண்ணில் ஒரு பை எடுத்து, இரண்டிலும் கௌப்பி போடச் சொல்லுங்கள். (தண்ணீர் நிற்கும் குழியில் இறங்க வேண்டாம், ஆழம் தெரியாது.) ஒரு மாதம் கழித்துப் பிடுங்கி, வேரைக் கழுவி, அதிலுள்ள முடிச்சுகளை (நைதரசன் சேர்க்கும் நுண்ணுயிர் குடியிருக்கும் சிறு உருண்டைகள்) எண்ணி எழுதட்டும். அந்தக் கொப்பியோடு பிள்ளையை என்னிடம் அழைத்து வாருங்கள்.